சாவுப் பாட்டு எங்கே முடிகிறது

ஒரு பாட்டின் கடைசிப் பகுதி எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது. அதைப் பெரிய கவலை என்று சொல்லமாட்டேன். பல்லிடுக்கில் சிக்கிய மாம்பழ நார் மாதிரி, அவ்வளவுதான். அதைக் கவலையாக மாற்றியது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி.

சினிமாப் பாட்டு இல்லை. வீடியோ கேம் பாட்டு. தொண்ணூற்று நான்கில் பழவேற்காடு கடைத்தெருவில் அசன் முகைதீன் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். எங்களுக்கு அசன் பாய். இரண்டு டிவி, நான்கைந்து கேசட். அதில் ஒரு மஞ்சள் கேசட்டின் மேல் கால்பந்து ஆடுகிறவன் படம் ஒட்டியிருக்கும். சொருகினால் உள்ளே விண்வெளி. எழுத்தெல்லாம் ஜப்பானோ சீனமோ. பெயர் யாருக்கும் தெரியாததால் ராக்கெட் கேம் என்றோம். சின்ன வெள்ளை ராக்கெட் ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவே போகும். பச்சைத் தலை ஜந்துக்கள் வரும். சுட வேண்டும். மூன்றாவது கட்டத்தின் முடிவில் டிவி முழுக்க ஒரு நண்டு வரும். பழவேற்காட்டுப் பையன்களுக்கு அங்கே கை தயங்கும். "இவ்ளோ பெரிய நண்ட சுட்டு வேஸ்ட் பண்றியேடா" என்று பின்னால் நிற்பவன் வருத்தப்படுவான். திரும்பி அவனுக்குப் பதில் சொல்வதற்குள் நண்டு கொடுக்கால் ஒரு போடு போடும். ராக்கெட் காலி.

கேமை விடப் பாட்டு நன்றாக இருக்கும். முதல் கட்டத்தில் ஆளில்லாத இரும்புக் குழாய்க்குள் யாரோ விசில் அடித்துக்கொண்டு நடப்பது போல. நண்டுக்கு அடித்தொண்டையில் ஓர் உறுமல். அவையெல்லாம் எனக்கு முழுசாகத் தெரியும். தெரியாதது தோற்றால் வரும் பாட்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாவுப் பாட்டு.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. சாவுப் பாட்டு தொடங்கியதும் கேம் ஆடுகிற ரிமோட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். எழுந்து ஓர் அடி பின்னால் நின்று, "அடுத்த ஆளு!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கை எடுக்காதவன் விரலில் மர ஸ்கேல் இறங்கும். பாட்டு மெல்ல ஏறி ஏறி உச்சிக்குப் போகும். சரியாக அந்த இடத்தில் பாய் கையை நீட்டி ரீசெட் பட்டனை அமுக்கிவிடுவார். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க அவர் என்ன சபா நடத்துகிறாரா? ஆகவே உச்சிக்குப் பிறகு என்ன என்று ஒருவனுக்கும் தெரியாது.

நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். காரணம் கேட்பவர்களுக்கு ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் காலையில் எழ முடியவில்லை. அதனால் நைட் ஷிப்ட் எனக்குப் பொருந்தியது. காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற கம்பெனி. எங்கள் லைனில் இருபத்து நான்கு பேர். அதில் பதினோரு பேர் பழவேற்காடு, திருப்பாலைவனம் பக்கத்து ஆட்கள். எல்லாரும் அசன் பாயிடம் ஸ்கேல் அடி வாங்கியவர்கள்.

லைனில் ஒரு பெட்டி மாட்டினார்கள். யாருக்காவது வேலையில் கோளாறு வந்தால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், பெட்டி பாடும். லைன் லீடர் வந்து பார்த்து, ரீசெட்டை அமுக்கினால் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டியோடு வந்த பாட்டும் எங்கள் கேன்டீன் வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடும் பாட்டும் ஒன்று. ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் பின்னால் வண்டி வருகிறதென்று துள்ளிக் குதித்தார்கள். மீதிப் பேர் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மேனேஜர் துளசிராமன் தடாப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, வெள்ளிக்கிழம ஆடிட்டு. கஸ்டமர் கம்பெனிலேர்ந்து ஆள் வர்றாரு. அதுக்குள்ள அந்த எழவு பாட்ட மாத்து. பொட்டில மைக் கீது, எத வேணா ரெக்கார்ட் பண்லாம். சாமி பாட்டு வேணாம், சண்ட வரும். சினிமா பாட்டும் வேணாம், டான்ஸ் ஆடுவானுங்கோ."

என் போனில் நாமே ரிங்டோன் செய்துகொள்ளலாம். நம்பர் பட்டன்தான் ஸ்வரம். ஒன்று ஸ, இரண்டு ரி. டீ பிரேக்குகளில் ஒரு மாதம் உட்கார்ந்து சாவுப் பாட்டை அதில் ஏற்கெனவே தட்டி வைத்திருந்தேன், உச்சி வரைக்கும். போனைப் பெட்டியின் மைக்கில் வைத்துப் பதிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

வெள்ளிக்கிழமை எங்களையும் பகல் ஷிப்டில் உட்கார வைத்தார்கள். வெளிச்சத்தில் எல்லாரும் நோயாளிகள் போல இருந்தோம். ஆடிட்டர் ஒல்லியான ஆள். எதையும் தொட்டுப் பார்ப்பவர். லைன் நடுவில் நின்று, அண்ணாந்து பார்த்து, கயிற்றை அவரே இழுத்தார்.

சாவுப் பாட்டு தொடங்கியது.

பதினோரு பேர் ஒயரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்கள். ஸ்டூலிலிருந்து எழுந்து ஓர் அடி பின்னால் போய் நின்று, ஒரே குரலில் "அடுத்த ஆளு!" என்றார்கள். அதில் நானும் ஒருவன். என் பக்கத்து ஸ்டூல் குணா விரல்களை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான்.

துளசிராமன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. லைன் லீடர் செண்பகம் ஊத்துக்கோட்டைக்காரி. வீட்டில் நெல் வயல் உண்டு. வீடியோ கேமைக் கண்ணால் பார்த்ததில்லை. "இன்னாடா, சாமி கீமி வந்துச்சா ஒங்களுக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே ரீசெட்டுக்குக் கையை நீட்டினாள்.

ஆடிட்டர் தடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கோளாறு வந்தால் கையை எடு, தள்ளி நில், அடுத்த ஆளைக் கூப்பிடு. உலகம் முழுக்க இதைச் சொல்லிக் கொடுத்து அலுத்துவிட்டதாம், ஒரு கம்பெனியிலும் ஆட்கள் இப்படிச் செய்து அவர் பார்த்ததில்லையாம்.

"எவ்வளவு நாள் பயிற்சி கொடுத்தீர்கள்?"

துளசிராமன் என்னைப் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்து சார்" என்றேன்.

ஆடிட்டர் அதை எழுதிக்கொண்டார். பிறகு செண்பகத்திடம், "அமுக்காதீர்கள். பாட்டு முடியும் வரை லீடர் வரவில்லை என்றால் மேனேஜர் வர வேண்டும், அதுதான் விதி. முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

பாட்டு ஏறியது. உச்சிக்குப் போனது. அங்கேயே அறுந்து நின்றது. எச்சிலை விழுங்கப் போனவன் பாதியில் நின்றது போல. பதினோரு பேரும் நின்றபடி நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"முடிந்துவிட்டதா?" என்றார் ஆடிட்டர்.

"இன்னும் கீது சார்" என்றான் குணா.

"எங்கே?"

"தெரியாது சார்."

ஆடிட் ரிப்போர்ட்டில் பாராட்டு ஒரு பக்கம். குறை ஒன்றே ஒன்று: எச்சரிக்கைப் பாட்டு முழுமையாக இல்லை, பத்து நாளில் சரி செய்யவும்.

துளசிராமன் ரிப்போர்ட்டை என் மூக்குக்கு நேரே பிடித்தார். "பத்து நாள். முடியலன்னா அடுத்த மாசம் ஒன் கான்ட்ராக்டு புதுப்பிக்கிற பேப்பர் என் டேபிளுக்கு வரும். நான் கையெழுத்து போடமாட்டேன். டொய்ங் டொய்ங்னு எதுனா ரெண்டு போட்டு முட்ச்சி வுடு நைனா, யாருக்குத் தெரியும்?"

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஒரு முடிவு போட்டேன், கீழே இறங்குகிற மாதிரி. கயிற்றை இழுத்தேன். பதினோரு பேரும் எழுந்து நின்று முழுசாகக் கேட்டார்கள்.

"இது இல்ல" என்றான் குணா.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இது இல்ல."

மறுநாள் வேறொன்று போட்டேன். அதுவும் இல்லையாம். மோசம் என்னவென்றால் எனக்கும் அது இல்லை என்று தெரிந்தது. முடிந்தது என்ற எண்ணமே வராததால் யாரும் ஸ்டூலில் உட்காரவில்லை. ஒவ்வொரு முறை கயிறு இழுக்கும்போதும் பதினோரு பேர் அரை நிமிஷம் சும்மா நின்றார்கள். வேலை நின்றது. செண்பகம் வந்து ஒவ்வொருவன் தோளையும் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள்.

"வயல்ல மாடு படுத்துக்கிச்சின்னா வால முறுக்குவோம்" என்றாள். "ஒங்கள இன்னா பண்றதுன்னு தெர்ல."

எட்டாவது நாள் ஞாயிறு. பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் இப்போது ரீசார்ஜ் கூப்பன் விற்றார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. பாயின் மகள் சமீனா அக்கா என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள்.

"நீ திருப்பாலைவனம் அரசு தானே? எங்க ஊட்டு செவுத்துல சைக்கிள சாத்தி சாத்தி சுண்ணாம்பு உதுத்தவன்."

விஷயத்தைச் சொன்னேன். கான்ட்ராக்ட், பத்து நாள், பாட்டு. அவள் சிரிக்கவில்லை. ஷோகேஸ் மேலிருந்து பாலித்தீன் கவரில் சுற்றிய கேம் பெட்டியை எடுத்து வந்தாள். மஞ்சள் கேசட்டும் இருந்தது. கால்பந்துக்காரனுக்குத் தலை கிழிந்திருந்தது. அசன் பாய் டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் ஆபரேஷன் செய்து பச்சைத் துணி கட்டியிருந்தது.

"வாப்பாவ எழுப்பாத. கண்ணு கட்டினதுலேர்ந்து அவுருக்கு காதுதான் எல்லாம்" என்றாள்.

கேசட்டின் வாயில் ஊதினேன். சொருகினேன். மூன்றாம் முறை நட்சத்திரங்கள் வந்தன. அந்த இரும்புக் குழாய் விசில் வந்தது.

செய்ய வேண்டியது சுலபம். சும்மா இருந்தால் போதும், ராக்கெட் செத்துவிடும், பாட்டு வரும். ஆனால் பச்சைத் தலை எதிரே வந்ததும் கட்டைவிரல் தானாகச் சுட்டது. அடுத்தது வந்தது. சுட்டேன். முதல் கட்டம் போனது. இரண்டாவதும் போனது. அரை மணி நேரம் ஆகிவிட்டது.

சமீனா அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் சாவலியா நீ?"

"நண்டு வருதுக்கா."

"நீ சாவுறதுக்குத்தானேப்பா வந்த? மீன் கழுவணும், தண்ணி நிக்கறதுக்குள்ள வேலய முடிக்கணும். சீக்கிரம் செத்துத் தொல."

நண்டு வந்தது. இந்தத் தடவை அதை முடித்துவிடலாம் என்று நம்பினேன். அது கொடுக்கால் ஒரு போடு போட்டது. மிச்சமிருந்த ஓர் உயிரும் போனது.

சாவுப் பாட்டு.

என் இரண்டு கையும் ரிமோட்டை விட்டன. எழுந்தேன். ஓர் அடி பின்னால் போனேன். இருபத்து நான்கு வயசு ஆள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி "அடுத்த ஆளு!" என்றேன். பாட்டு ஏறியது. உச்சிக்கு வந்தது. நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. கண் கட்டியிருந்தும் ஓர் அங்குலம் தவறாமல் ரீசெட்டை அமுக்கியது.

"டைம் ஆச்சி. எழுந்துக்கோ" என்றார் அசன் பாய். மறுபடி தூங்கிவிட்டார்.

சமீனா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவரை நாற்காலியோடு தூக்கி வெளி வராந்தாவில் வைத்தோம். கொஞ்சம் கனம்தான். திரும்பி வந்து, இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ராக்கெட் தானாகப் போய் மோதியது. மூன்று உயிரும் இரண்டு நிமிஷத்தில் போயின. போனை டிவியின் ஸ்பீக்கரில் வைத்தேன்.

பாட்டு ஏறியது. உச்சி. அதைத் தாண்டியது.

டொய்ங்.

அவ்வளவுதான். எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்த மாதிரி ஒரே ஒரு சத்தம். பிறகு டிவி கருப்பானது.

"இதுக்கா?" என்றாள் சமீனா அக்கா.

மனசுக்குள் ஏதாவது ஆகும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பாயை நாற்காலியோடு உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை டொய்ங்கைச் சேர்த்துப் பதிவு செய்தேன். துளசிராமன் வந்து கயிற்றை இழுத்தார். பதினோரு பேரும் எழுந்தார்கள். "அடுத்த ஆளு!" பாட்டு முடிந்தது. டொய்ங். அந்த நொடியே பதினோரு பேரும் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"இதத்தானே நான் மொதல்லியே சொன்னேன் நைனா" என்றார் துளசிராமன். "ஒரு டொய்ங் கொறவா போட்டிருக்க." கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார்.

குணா மட்டும் நம்பவில்லை.

"டேய், நீ போவவே இல்ல. ஊட்ல குந்திகினு டம்ளர தட்டி ரெக்கார்ட் பண்ணிகினு வந்துட்ட."

"அப்புறம் ஏன்டா உக்காந்த?"

"கால் வலிச்சிது, உக்காந்தேன். அவ்ளோ நல்ல பாட்டு, டொய்ங்னு எப்பட்றா முடியும்? அடுத்த வாரம் நானே போறேன்."

அடுத்த ஞாயிறு சாயங்காலம் போன் செய்தான். பின்னால் கடைத்தெரு இரைச்சல்.

"மாமு, நண்டு வரைக்கும் போனேன். பாட்டு வந்துச்சி. மேல போச்சி."

"அப்புறம்?"

"பாய் ரீசெட்ட அமுக்கிட்டாரு."

"நாற்காலியோட வெளிய தூக்கி வையின்னு சொன்னேனே."

"கேட்டேன்டா. சமீனா அக்கா முடியாதுன்னுட்டாங்க. போன வாரம் தூக்குனதுல இடுப்பு புட்ச்சிகிச்சாம்."