சக்கரத்தில் சுற்றிய வடம்

“ஒரு மூடி ஈதர் போதும் டாக்டரய்யா. துணியில நனைச்சு காத்துக்குழாய் வாயில காட்டினா பட்டுன்னு புடிச்சிக்கும்.”

“பிடிக்கும். அதுதான் எனக்குப் பயம்.”

மயக்க மருந்தான ஈதர் இருந்த அலுமாரியின் சாவியை இடுப்பிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார் தோட்டத்து டிஸ்பென்சர் வரதராசா. எதிரே நின்ற ராஜலிங்கத்தின் தோளில் பனி நீர் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. வெளியே ஹேவாஹெட்ட மலைகள் பனியில் முழுகிக் கிடந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் கூரை மட்டும், நங்கூரமிட்ட கப்பலின் மேல்தளம் போல வெண்மைக்கு மேலே தெரிந்தது.

அந்தக் கப்பலுக்கு உயிர் கொடுக்கும் டீசல் இஞ்சின் ராஜலிங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அதை முதலில் ஓட்டியவன் கொழும்பிலிருந்து வந்த ஆள். தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவன் கையில் தோட்டத்துப் பெரிய துரை இஞ்சின் அறைச் சாவியைக் கொடுத்தது இதுவே முதல் தடவை. அதுவும், பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. இன்று காலை பார்த்தால், இஞ்சினை உதைத்துக் கிளப்ப வேண்டிய அழுத்தக் காற்று முழுவதும் உருளையிலிருந்து கசிந்து போயிருந்தது. நேற்று உருளையின் திருகாணியை இறுக்கி மூடாமல் போனது அவன்தான். திரும்பக் காற்றை நிரப்புவதற்கும் அதே இஞ்சின் ஓடியாக வேண்டும்.

மாடியில் பரப்பிய கொழுந்து வாடித் தயாராக இருந்தது. இனியும் அரைக்காமல் விட்டால் புளித்துவிடும். பெரிய துரை பக்கத்துத் தோட்டத்து லொறிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். லொறி வந்து சேரும்போது இஞ்சின் ஓடாவிட்டால் கொழுந்து அங்கே போகும். சாவி கொழும்பு ஆளிடம் போகும்.

“இது பெற்றோல் இஞ்சின் இல்லை, ராஜலிங்கம்,” என்றார் வரதராசா. “காத்தை நெரிக்கேக்கை வாற சூட்டிலை பத்துறது. ஈதர் அந்தச் சூடு வருமட்டும் பாத்துக்கொண்டு இராது. பிஸ்டன் மேலை ஏறி முடியமுன்னமே வெடிச்சு, அதைக் கீழை தள்ளும். புசல்லாவையிலை ஒருத்தன்ரை கையை முழங்கையோடை எடுத்தவை. பக்கத்திலை நிண்டு விளக்குப் பிடிச்சது நான்.”

அந்த ஆளின் கதையை அவர் மெதுவாகச் சொன்னார். முதலில் ஒரு மூடிதானாம். சில வாரங்களில் இஞ்சின் அதற்குப் பழகிவிட்டது. ஈதர் இல்லாமல் அசைய மறுத்தது. மூடி அரைப் போத்தலாயிற்று. ஒரு குளிர்ந்த காலைப் பொழுதில் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று அடித்தது. தண்டு வளைந்து, இரும்புத் துண்டுகள் சுவரைப் பொத்துக்கொண்டு போயின. தரையோடு தவழ்ந்து போன ஈதர் ஆவி, மூலையில் இருந்த விளக்கில் பற்றிக்கொண்டது.

சொல்லி முடித்ததும் அலுமாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“வேணுமெண்டா எடும். பஞ்சும் துணியும் கொண்டு நானும் வாறன்.”

ராஜலிங்கம் சாவியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். எதையும் எடுக்காமல் வெளியே வந்தான்.

இஞ்சின் அறை வாசலில் அவன் மனைவி புஷ்பம் கொழுந்துக் கூடையோடு நின்றாள். பிரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். கயிற்றை இஞ்சினின் பெரிய சக்கரத்தில் சுற்றி இருபது, முப்பது பேர் இழுத்தால் கிளம்பலாம், ஆனால் அந்த இழுவைக்குத் தாங்கும் கயிறு இந்த மலையிலேயே இல்லை என்றான் அவன்.

“இருக்கே,” என்றாள் புஷ்பம். “மாரியம்மன் கோயில்ல.”

கோயில் தேர்வடம், தொழிலாளர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் பொறுப்பில் இருந்தது. அவர் முதலில் முறைத்தார். ஆண்களெல்லாம் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்து மலைக்குப் போய்விட்டார்கள், இழுக்கப்போவது பெண்கள் என்று தெரிந்ததும் தலைப்பாகையைக் கழற்றித் திரும்பக் கட்டினார். அந்த வடத்தைப் பெண் யாரும் தொட்டதில்லை என்றார். புஷ்பம் வாதாடவில்லை. நம் கொழுந்து அடுத்த தோட்டத்துப் பெட்டியில், அடுத்த தோட்டத்துப் பெயரில் போவது ஆத்தாளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டாள். கங்காணி கோயில் கதவைத் திறந்துவிட்டார். வழி நெடுகத் திட்டிக்கொண்டே கூட நடந்தார்.

ராஜலிங்கம் வடத்தைச் சக்கரத்தில் சுற்றினான். முடிச்சுப் போடவில்லை, இஞ்சின் பிடித்ததும் அது தானாக நழுவி விழ வேண்டும். சக்கரம் லேசாகச் சுழல்வதற்காக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைத் திறந்து அதிலேயே கையை வைத்திருந்தான். வடத்தின் மறுமுனை வாசலைத் தாண்டிப் பாதை வரை நீண்டது. கொழுந்துக்காரிகள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வரிசையாகப் பிடித்தார்கள்.

“இழுங்கடி,” என்றாள் புஷ்பம்.

சக்கரம் முனகிவிட்டு நின்றது. கீழ்வளைவில் லொறியின் ஓசை கேட்டது. மறுபடியும் வடத்தைச் சுற்றினான். இந்தத் தடவை யாரோ குலவையிட, மொத்த வரிசையும் ஒரே உடம்பாகப் பின்னால் சாய்ந்தது. சக்கரம் சுழன்றது, வேகம் எடுத்தது. ராஜலிங்கம் வால்வை மூடினான். இஞ்சின் ஒரு தடவை தும்மியது. பிறகு சீராக, ஆழமாக அடிக்கத் தொடங்கியது. வடம் நழுவி விழுந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவராகப் பாதையில் சரிந்து, எழ முடியாமல் சிரித்தார்கள். மாடியில் தட்டுகள் அதிர்ந்தன. கட்டிடம் முழுவதும் பயணம் புறப்பட்டதுபோல் இருந்தது.

லொறிக்காரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். ராஜலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நின்றான்.

“போயிட்டு வாங்கண்ணே. ஒங்க பக்கம் கொழுந்து பத்தலன்னா சொல்லி அனுப்புங்க.”

பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்ற வரதராசா, பஞ்சுப் பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். பெரிய துரை குதிரையில் வந்து, ஓடும் இஞ்சினைப் பார்த்தார். பாதையில் கிடந்த பெண்களைப் பார்த்தார். சாவி ராஜலிங்கத்திடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் வடத்தைச் சுருட்டிக் கங்காணியின் காலடியில் வைத்தார்கள். அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. புஷ்பம் முன்னால் வந்தாள். உரிந்து சிவந்த உள்ளங்கைகளை மறைக்காமல் அவர் முன்னே விரித்தாள். பின்னால் சிரிப்பு அடங்கியது.

“கங்காணி ஐயா, வர்ற திருவிழாவுல ஆத்தா தேருக்கும் நாங்க வடம் புடிக்கிறோம். சரின்னு சொல்லுங்க.”