உப்புக்கண்டத்துக்கு ஒரு பொட்டு

ஆட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவள் சௌந்தரம். கேட்டதும் கொடுப்பவன் ஏமாளி, கொடுக்காதவனிடம் மறுபடி கேட்காதவன் அதைவிட ஏமாளி என்பதுதான் அவள் கேட்டு வளர்ந்த தாலாட்டு. நெல்லிக்குப்பத்துக்கு வெளியே ஆட்டுப் பண்ணை வைத்திருந்தாள். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறியை, அதாவது உப்புக்கண்டத்தைத் தன் பண்ணைப் பெயரிலேயே பாக்கெட் போட ஆசைப்பட்டாள். இல்லாவிட்டால் தரகன் சொல்லும் விலைக்கே காலமெல்லாம் ஆட்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்கு எதிரே கடை வைத்திருந்த சபாபதி, அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்.

"ஆனா லேபிளுக்கு கவர்மெண்ட் அப்ரூவல் இருக்கணும்மா. பொங்கல் லீவு முடிஞ்சி பசங்க திரும்புறதுக்குள்ள கொண்டா. இல்லன்னா அந்த எடத்துல முறுக்க அடுக்கிடுவேன்."

2009 புரட்டாசியில், லேபிள் மாதிரியோடு, அப்ரூவல் தரும் கடலூர் ஆபீசுக்குப் போனாள். அதிகாரி செந்தமிழ்செல்வன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஏம்மா, பெருமாள் மாசத்துல கறியத் தூக்கிக்கினு வந்துட்ட?"

"கறி இல்லீங்க சார், வெறும் காயிதம்."

"காயிதத்துல ஆடு மொறைக்குதே!"

ஐப்பசியில் போனாள். தீபாவளிக் கறி தின்ற அசதியில் அவர் லீவு. அசதி தெளிந்தவர் நேரே கந்தசஷ்டி விரதத்தில் இறங்கிவிட்டார். கார்த்திகையில் போனால், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக உட்கார்ந்திருந்தார். ஆபீசில் பாதிப் பேருக்கு அதே கோலம். பியூனும் சாமி, ஹெட்கிளார்க்கும் சாமி. பைலைத் தவிர எல்லாமே மலையேறத் தயாராக இருந்தது.

"தை பொறக்கட்டும். மலைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன்."

"தை பொறந்தா என் தட்டுல முறுக்கு பொறந்துடும் சாமி. ஒரு வழி பண்ணுங்க."

சாமி கண்ணை மூடி யோசித்தார். வழி பிறந்தது.

மார்கழிக் கடைசியில் போன் வந்தது: அப்ரூவல் ரெடி. பஸ் பிடித்து ஓடினாள். லேபிளில் ஆட்டைக் காணோம். அது நின்ற இடத்தில் பச்சை மையால் வட்டமாக ஒரு பொட்டு வைத்து, 'தூய சைவம்' என்று எழுதி, கீழே அதிகாரியின் கையெழுத்தும் போட்டிருந்தது.

"என்ன சாமி இது?"

"வத்தல் செக்ஷனுக்கு மாத்திட்டேன். கத்திரிக்கா, சுண்டக்கா, உப்புக்கண்டம், எல்லாமே வெயில்ல காயுறதுதானே? சைவத்துக்குப் பச்சப் பொட்டு. யாரு வெரதமும் கெடல."

"கறிக்குப் பழுப்புப் பொட்டு வைக்கணுமே சாமி."

"அது தை மாசம்."

 சௌந்தரம் லேபிளை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரி சாமி. மொத பாக்கெட்ட உங்க குருசாமி வீட்டுக்கே அனுப்புறேன். கவர்மெண்டே சைவம்னு சொல்லிடுச்சி, இருமுடி கட்டுற அன்னிக்கு எல்லாரும் வத்தக்கொழம்பா வச்சி சாப்புடட்டும். யாரு குடுத்ததுன்னு கேட்டா, கீழ உங்க கையெழுத்து இருக்குதே."

அவர் முகத்தில் விபூதிக்கும் தோலுக்கும் நிற வித்தியாசம் இல்லாமல் போனது. "குடும்மா அத!" என்று எழுந்தே விட்டார்.

அவள் கொடுக்கவில்லை. மேசைமேல் விரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஹெட்கிளார்க்கின் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி வந்தார் செந்தமிழ்செல்வன். பச்சைப் பொட்டின்மேல் தேய்த்தார், இன்னும் தேய்த்தார். பச்சையும் சிவப்பும் குழம்பி, அசல் பழுப்பாகிவிட்டது. 'தூய சைவம்' என்பதை அடித்து, 'ஆட்டிறைச்சி' என்று எழுதினார். திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சாமியே சரணம்" என்றார். முத்திரை கோணலாக விழுந்தது. விழுந்ததே போதும்.

"போதுமா? கெளம்பு."

சௌந்தரம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு காப்பி இருக்குது சாமி. கண்ண மூடிக்கினே போடுங்க, எடத்த நான் காட்டுறேன்."