சம்பந்தியோடு ஒரு வெந்நீர்க் குளியல்

முத்துசாமி இடுப்புத் துண்டை அவிழ்த்தபோது, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிறவன் மாதிரி நான் திரும்பிக்கொண்டேன். வருங்காலச் சம்பந்தியை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டிவரும் என்று எனக்கு எந்த ஜோசியனும் சொன்னதில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு மலையூர். மண்ணுக்கடியிலிருந்து கொதித்து வரும் ஊற்று நீரைத் தொட்டியில் தேக்கி, அதில் ஒட்டுத்துணி இல்லாமல் உட்காரச் சொல்கிறார்கள். தண்ணீரில் அழுகின முட்டை நாற்றம். இதற்கு விமானமேறி, ரயிலேறி, பஸ்ஸேறி வந்திருக்கிறோம்.

எங்கள் துணிக்கடை சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருக்கிறது. வாசலில் கால் வைக்கிறவனின் சட்டைக் காலரைப் பார்த்தே, இவன் வாங்க வந்தவனா, ஏர்கான் காற்று வாங்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன். இங்கே காலருமில்லை, சட்டையுமில்லை. என் பிழைப்புக்கான கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஆளை எடைபோடச் சொன்ன மாதிரி இருந்தது.

எடைபோடத்தான் வந்திருந்தேன். மகள் அனுப்ரியா பையனை அவளாகவே பார்த்துக்கொண்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட், இருபத்தொன்பது வயது, அவளிடம் போய் ஜாதகம் பேச முடியாது. "அப்பா, ரெண்டு ஃபேமிலியும் நாலு நாள் ஒண்ணா டிராவல் பண்ணுவோம். நீங்களே பாருங்க. சரியில்லன்னா ஓப்பனா சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள். திரும்பிய மறு ஞாயிறு நிச்சயதார்த்தம். இன்று மூன்றாம் நாள். இன்னும் நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அப்பன்காரனைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. புக்கிட் பாத்தோக்கில் ஐந்தறை வீடு, ஏதோ ஒரு அலுவலகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சைக் கேட்டால் எங்கள் குட்டித் தீவு நாட்டையே அவர்தான் நிமிர்த்தி நிறுத்தினார் என்று தோன்றும். விடுதியில் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஆறு அவித்த முட்டைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "பே பண்ணிட்டோம்ல சம்பந்தி, விட்டுட்டு வரவா முடியும்?" என்றார். குளியலறைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக, ஜன்னலோர முக்காலியில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்தார், எங்கள் ஊர் உணவங்காடியில் மேசை பிடிக்கிற மாதிரி. உள்ளே எங்கள் இருவரையும் பையனையும் தவிர மூன்றே மூன்று கிழவர்கள். முக்காலிகள் பதினான்கு.

பையன் ரித்திக் வேறு ரகம். மெல்லப் பேசுவான், பெட்டி தூக்குவான், "அங்கிள், கேர்ஃபுல், வழுக்கும்" என்பான். ஆனால் மூன்று நாளாக அவன் வாயிலிருந்து ஒரு அபிப்பிராயம் வரவில்லை. எங்கே சாப்பிடலாம் என்றால் "எனிதிங் அங்கிள்." எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றால் "எனிடைம் அங்கிள்." நயமான பாலியஸ்டர் இப்படித்தான் இருக்கும். கசங்காது, சாயம் போகாது, வேர்வையையும் உறிஞ்சாது.

அப்போதுதான் முத்துசாமி பையிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசனை கந்தகத்தை அடித்து விரட்டியது.

"சனிக்கிழமை லா சம்பந்தி. இயற்கையாவே சுடுதண்ணி வருது. எண்ணெய் தேய்க்காம குளிச்சா அது குளியலா?"

உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் அறைந்தார். தோள், தொப்பை, முழங்கால் ஒன்று விடவில்லை. சுவரிலிருந்த படம் குழந்தைக்கும் புரியும்: சோப்புப் போட்டு, நன்றாக அலசிவிட்டு, அப்புறம் இறங்கு. ரித்திக் ஒருமுறை, "அப்பா, வேணாம்ப்பா, நாட் அலௌட்" என்றான். "நீ சும்மா இரு" என்றார். சும்மா இருந்துவிட்டான். நானும் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இந்த ஆள் அவமானப்படுவதை ஒருமுறை கண்குளிரப் பார்க்கும் ஆசை எனக்கு மூன்று நாளாக இருந்தது.

ஒரு வாளி நீரைக் கவிழ்த்துக்கொண்டு, "ஊறணும், அப்பத்தான் சூடு இறங்கும்" என்று தொட்டிக்குள் இறங்கினார். அவரைச் சுற்றி எண்ணெய் படர்ந்தது. மழையில் நனைந்த கார் நிறுத்துமிடத் தரையில் மினுங்குமே, அந்த வானவில் நிறங்கள். அது மெல்ல மிதந்து கிழவர்களை நோக்கிப் போனது. மூவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியேறினார்கள். ஐந்து நிமிடத்தில் நீலச் சட்டைக்கார வயோதிகப் பணியாளர் ஒருவர் வலைக்கரண்டியோடு வந்து நின்றார்.

"ஆயில்" என்றார். "ஹூ?"

முத்துசாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார். "திஸ் ஜென்டில்மேன். ஃபர்ஸ்ட் டைம்."

என் தலை முழு வழுக்கை. தண்ணீர்கூடப் படாமல் காய்ந்து கிடந்தது. பணியாளர் அதைப் பார்த்தார். முத்துசாமியின் காதோரம் சொட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். பிறகு, விவகாரத்தை முடித்துவைக்கச் சொல்வதுபோல, ரித்திக்கைப் பார்த்தார்.

 எதிராளி தன் விலையைச் சொல்லும்வரை பேசாமலிருப்பது எங்கள் கடைப் பழக்கம். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பையன் தண்ணீரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சாரி" என்றான். "மை அங்கிள்... ஹீ டஸ்ன்ட் நோ."

பணியாளர் என் முன்னால் இடுப்பு வளைய வணங்கிவிட்டு, இரண்டு கைகளாலும் கதவைக் காட்டினார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எங்கிருந்தும் துரத்தியதில்லை. மேசைத் துடைப்பான் அளவுத் துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். சரக்கைப் பிரித்துப் பார்த்துவிட்ட திருப்திதான் வந்தது. அந்தத் திருப்தியில் துளி சந்தோஷமும் இல்லை.

விடுதி அங்கியைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தால், பெண்கள் பக்கமும் காலியாகியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே தண்ணீராம். அனுப்ரியா ஈரத் தலையோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"என்னப்பா ஆச்சு? கவுண்டர்ல இருக்கறவங்க யாரோ இந்தியன் மேன்னு சொல்றாங்க."

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து முத்துசாமியின் சிரிப்பு வந்தது. "உங்க அப்பாதாம்மா! பழக்கதோஷம். எண்ணெயத் தேச்சிட்டு எறங்கிட்டாரு. பரவால்ல, நான் பேசி சமாளிச்சிட்டேன்."

அவர் நெற்றியில் எண்ணெய் இன்னும் பளபளத்தது. அனு என் தலையை ஒரு கணம் பார்த்தாள். சிரிக்கவில்லை. திரும்பி, தானியங்கி இயந்திரத்தின் பக்கம் போனாள். அங்கே ரித்திக் எங்கள் எல்லோருக்குமாகப் பால் பாட்டில்கள் வாங்கிக்கொண்டிருந்தான், முதல் பாட்டில் கையில்.

"ரித்திக், நீயும் உள்ளதானே இருந்தே?"

"ம்" என்றான்.

"அப்போ சொல்லு."

முத்துசாமி தொண்டையைச் செருமினார். பையன் பாட்டிலின் வட்ட அட்டை மூடியில் கட்டைவிரலை வைத்து, அது திறக்கும் வழி தெரியாதவன்போல அழுத்திக்கொண்டே இருந்தான். மூடி பொத்தென்று உள்ளே இறங்கியது. பால் பொங்கி அவன் மணிக்கட்டு வழியாக வழிந்து, அங்கியின் அகலக் கைக்குள் போனது. அவன் கையைத் தாழ்த்தவில்லை. அனுவின் தோளில் துண்டு கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.