நடுவில் ஒரு தூண்

ஒடெஸா ப்ரூயிட் அமைத்த நடனங்களில் மேடையின் நடுவே யாரும் கால் வைக்க மாட்டார்கள். பத்து வருடங்களாக அப்படித்தான். ஃபிலடெல்ஃபியாவின் விமர்சகர்கள் அதற்கு ‘இழப்பின் வெற்றிடம்’ என்று பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். விஷயம் அவ்வளவு பெரிதில்லை. அவள் ஒத்திகை பார்க்கும் சர்ச் அடித்தளக் கூடத்தின் நட்டநடுவில் ஓர் இரும்புத் தூண் இருந்தது. அந்தக் கூடத்தை வாடகைக்குக் கேட்டு வேறு யாரும் போட்டி போடாததற்குக் காரணமும் அதுதான்.

அவளுடைய பதினொரு நடனங்களும் அந்தத் தூணைச் சுற்றித்தான் பிறந்தன. முதல் நாளிலிருந்து அவளுடன் ஆடும் லியோட்டிஸுக்கு இரண்டு முறை அதில் மோதித் தோள் நழுவியிருக்கிறது. பழைய மெத்தையை அதன்மேல் சுற்றிக் கட்டினார்கள். ஒடெஸா அந்தத் தூணைத் திட்டாத நாளில்லை.

பத்தாண்டு நிறைவுக்கென்று நகரின் பெரிய அரங்கம் ஒரு ஞாயிறு மதியத்தை முழுதாக அவளுக்குக் கொடுத்தது. புதன்கிழமை மேடை ஒத்திகை. ஆட்டக்காரர்கள் உடம்பை மிச்சம் பிடிக்க, தாவாமல் சுழலாமல், நடந்தபடி கையால் மட்டும் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சும்மா நடக்கும்போதும் நடுவிடம் வந்ததும் எல்லாரும் தோளை ஒடுக்கி விலகினார்கள்.

மூன்றாவது வரிசையில் இருந்த அரங்க இயக்குநர் விட்டேக்கர் லன்ட் எழுந்து நின்றார். “அங்க என்ன இருக்கு? எல்லாரும் எதைச் சுத்திட்டுப் போறீங்க?”

லியோட்டிஸுக்கு வாய் சும்மா இருக்காது. “தூணு சார். எங்க ரூம்ல இருக்கு.”

லன்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அடப்பாவிகளா! நான் நிகழ்ச்சிக் கையேட்டுல ‘மரணத்தின் மௌனம்’னு எழுதி அச்சடிச்சிட்டேனே!” பிறகு முகம் மாறியது. “இங்கதான் தூண் இல்லையே, நடுவுல ஆடுங்க. பால்கனியிலேர்ந்து பாத்தா ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. மாத்தலைன்னா ரெண்டாவது பாதியை வேற குழுவுக்குக் குடுத்துருவேன்.”

ஒடெஸாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. பத்து வருட உழைப்பு வெறும் கட்டடக் கோளாறுதானா? லியோட்டிஸை நடுவே புகுந்து ஓடச் சொன்னாள். ஓடினான். தாளத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி விழித்துக்கொண்டு நின்றான். ஆட்டம் செத்துப்போயிருந்தது. அந்தப் பாழாய்ப்போன தூண்தான் இத்தனை நாள் ஆட்டத்தைத் தாங்கியது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வேணாம். பழையபடியே ஆடுங்க.”

“இல்லாத தூணைச் சுத்தியா?” என்றார் லன்ட்.

“உங்களுக்குத்தான் இல்ல. எங்களுக்கு இருக்கு. இவன் தோளைக் கேளுங்க.”

“அப்ப ரெண்டாவது பாதி...”

“முதல் பாதியையும் சேத்தே குடுத்துருங்க. என் பத்து வருஷத்தை வெட்டி ஒட்டி ஆட நான் வரல.” அவள் பையை எடுத்தாள். யாரும் சொல்லாமலே ஆறு ஆட்டக்காரர்களும் காலணியைத் தேடினார்கள்.

“கையேட்டை மட்டும் மாத்திராதீங்க சார், நல்லாத்தான் இருக்கு” என்றான் லியோட்டிஸ்.

இருக்கையெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. லன்ட் பல்லைக் கடித்தார். “ஆடித் தொலைங்க. அசிங்கப்படப்போறது நீங்கதான்.”

ஞாயிறன்று ஆடினார்கள், மிச்சம் எதுவும் வைக்காமல். லியோட்டிஸ் முழு வேகத்தில் வந்து, நூலிழையில் தோளைத் திருப்பி விலகியபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பால்கனியில் ஒருத்தி “பாத்து!” என்று கத்தியேவிட்டாள்.

கைதட்டல் ஓயவில்லை. லன்ட் பூங்கொத்தோடு மேடையின் இடது ஓரத்தில் ஏறினார். ஒடெஸா வலது ஓரத்தில் நின்றாள். நேராக வந்தால் நாற்பதடி. வேகமாகத்தான் வந்தார். நடுவிடம் நெருங்கியதும் நடை தளர்ந்தது. பூங்கொத்தை மார்போடு அணைத்து, வலது தோளை ஒடுக்கி, சுற்றிக்கொண்டு வந்தார்.

ஒடெஸா பூக்களை வாங்கிக்கொண்டாள்.

“மெதுவா சார். தோளு பத்திரம்.”