மாடியறையில் இருந்தவள்

கத்தரிக்கோலின் நுனி வட்டத்தை மெல்லச் சுற்றி வருகிறது, கீழே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள், தையல்நாயகி அவசரப்படவில்லை, தொப்புளுக்கு இடப்பக்கம் சிவப்பாக வெளியே தெரியும் குடலின் அளவுக்குத்தான் பையின் துளை இருக்க வேண்டும், பெரிதானால் தோல் வெந்துபோகும், எட்டு மாதத்துக்கு முன்பு, புற்றுக்கட்டியை எடுத்து வயிற்றில் பை ஒட்டிவிட்ட ஆஸ்பத்திரியில், தெரசா சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறாள், சோப்பு வேணாம்க்கா, வெறுந்தண்ணி போதும், தேய்க்காம ஒத்தி எடுங்க, மூணுல ஒரு பங்கு ரொம்பினதும் கொட்டிடுங்க, பயப்படாம நாலு இடத்துக்குப் போங்க, அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போன கணவர் குஞ்சிதபாதம் அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்காரவே இல்லை, முதலில் தனித்தட்டு வந்தது, பிறகு தனிப்படுக்கை, பிறகு இந்த மாடியறை, போன செவ்வாய்க்கிழமை மகள் ரஞ்சனி வாசல்நிலையைத் தாண்டாமல் நின்று, நிச்சயதார்த்தத்தன்னிக்கு மட்டும் கீழ வராதம்மா என்கிறாள், ஏன்டி, வாடை வருதா, இல்லம்மா, ஆனா வந்துட்டா, மூன்று வயதுவரை இவளுக்குக் கால் கழுவிவிட்ட கையைத் தையல்நாயகி ஒருதரம் பார்த்துக்கொண்டாள், சரி என்றாள்.

பழைய பையைக் கழற்றி, தோலை ஒத்தியெடுத்து, காயவிட்டுக் காத்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்பது படியேறி வருகிறது, பொண்ணோட அம்மாவக் காணுமே, குஞ்சிதபாதத்தின் குரல், அவ தவறிட்டா, எட்டு மாசமாச்சுங்க, யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள், தையல்நாயகி மகளின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், இல்லை அப்பா என்று ஒரு சொல், அது வரவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது, காபி வந்துவிட்டது போலும்.

அவள் புதுப் பையை ஒட்டினாள், நன்றாகப் பிடிக்கட்டும் என்று உள்ளங்கைச் சூட்டை அதன்மேல் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் நின்றாள், அழுதால் வயிறு குலுங்கும் என்பதால் அழவில்லை, அரக்குப் பட்டுப் புடவையை உடுத்தி, கொசுவத்தைப் பைமேல் அழுத்தாமல் கொஞ்சம் இறக்கிச் செருகி, குங்குமம் வைத்துக்கொண்டு, படியிறங்கினாள்.

தட்டு மாற்ற எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள், மாப்பிள்ளையின் அம்மா, நீங்க யாருன்னு, என்று இழுத்தாள், நான்தான் பொண்ணோட அம்மா, என்றாள் தையல்நாயகி, குஞ்சிதபாதம் தரையைப் பார்த்தார், அவள் நேரே போய் மகளின் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாள், ரஞ்சனி திரும்பினாள், அந்தக் கண்கள் அம்மாவின் முகத்துக்கு வரவே இல்லை, இடுப்புக்குத்தான் போயின.