பாறை மேல் பழி

பெர்சிஸின் முனைவர் பட்ட ஆய்வு 1998இல் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் நாலு ஜோடிச் செருப்பு தேய்ந்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் தாண்டி அறுபத்து மூன்று கிணறுகளில் தண்ணீர் மொண்டு, பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய் உப்பை அளந்திருந்தாள். தோல் பதனிடும் டேனரிகளை நெருங்க நெருங்க உப்பு ஏறியது. 'பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் மனிதத் தாக்கம்' என்று தலைப்பு வைத்தாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஜேக்கப் வரைபடங்களை ரசித்துப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் 'மனித' என்பதை அடித்தார்.

"மனுஷன்னு எழுதினா எந்த மனுஷன்னு கேப்பாங்கம்மா. பாறைன்னு எழுது. பாறை வந்து சண்டை போடாது."

"சார், ஆத்தோரம் முழுக்க ஒரே பாறைதான். உப்பு மட்டும் டேனரி பக்கம்தானே ஜாஸ்தியாவுது?"

"அடுத்த மாசம் 'மனிதனும் புவியும்' கருத்தரங்கு. சாப்பாடு, தோல் பை எல்லாம் டேனரிக்காரங்க குடுக்கறாங்க. சோறு போட்றவங்களைக் கூப்பிட்டு வெச்சா குத்தம் சொல்லுவ?"

பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். பெர்சிஸ் ஒரே வாரத்தில் பழியைப் பாறையின் தலையில் கட்டினாள். கொஞ்சம் வெயிலுக்கும் பங்கு கொடுத்தாள்.

கருத்தரங்கில் முன்வரிசையில் டேனரி முதலாளி மக்பூல் அகமது உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றிலும் பெர்சிஸ் தண்ணீர் எடுத்திருக்கிறாள். சோதனை முடிவைச் சொல்வதாக அன்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள், பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அவரைப் பார்க்காமல் கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தாள். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான்.

"இன்னாம்மா, பாறையா உப்பு போட்டுச்சு? தோல் கெட்டுப்போவக் கூடாதுன்னு நாங்கதான் மூட்டை மூட்டையா போடறோம். அதைக் கழுவி ஆத்துல உட்றோம். எங்க வீட்ல டீ போடவே லாரித் தண்ணிதான்."

பேராசிரியர் மைக்கைப் பிடுங்கினார்.

"பாய் தன்னடக்கமா பேசறார். புவியியல்படி அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் பண்ணேன்னு நானே சொல்றேன், நீங்க இல்லன்றீங்களே சார்!"

"அப்படிச் சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் பெர்சிஸின் பையில் இருந்தது. பழைய வரைபடத்தின் கண்ணாடித் தாளை எடுத்து, திரையில் படம் காட்டும் விளக்குப் பெட்டியில் வைத்தாள். டேனரிகளைச் சுற்றி உப்பு சிவப்புச் சிவப்பாய்த் திரையில் எழுந்தது. பேராசிரியர் ஓடிவந்து விளக்கைக் கையால் பொத்தப் பார்த்தார். அவருடைய ஐந்து விரல்களும் ஆம்பூர் அளவுக்குப் பெருத்துப் பாலாற்றின் மேல் விழுந்தன. மாணவர்கள் விசிலடித்தார்கள்.

சாப்பாட்டு வேளையில் பெர்சிஸே மக்பூல் அகமதுவைத் தேடிப் போனாள்.

"மன்னிச்சிடுங்க பாய். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்."

"அத உடும்மா. இப்ப நான் இன்னா பண்ணணும், அதச் சொல்லு."

ஆய்வின் கடைசி அத்தியாயத்தில் 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்று மட்டும்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய டேனரிக்குப் போனாள். நாற்றத்தில் இரண்டு முறை வாந்தியெடுத்தாள். தோலை ஊறப்போடும் முன்பே அதன் மேலிருக்கும் உப்பை உதறிப் பெருக்கி அள்ள முடியும் என்று அங்கே வேலை செய்த வஜீதா காட்டினாள். ஒரே நாளில் மூன்று மூட்டை சேர்ந்தது. அவ்வளவும் அதுவரை ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் கிணறு இனித்துவிடவில்லை. பேராசிரியர் கையெழுத்தை இழுத்தடித்ததில் பட்டமும் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அந்த ஆண்டின் துறை மலரில் மட்டும், உப்பு மூட்டைமேல் கைவைத்தபடி பேராசிரியர் ஜேக்கப் சிரித்துக்கொண்டிருந்தார். டேனரிப் பக்கமே வராதவர் எப்போது வந்து அந்தப் படம் எடுத்துக்கொண்டார் என்று வஜீதாவுக்கும் தெரியவில்லை.