விபூதி போட்டுத் தேய்த்த டொலர்

சம்மந்தி வீட்டார் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு முன்னால் என் மனைவி யோகமலரை நான் ‘நீ’ என்று பேசினேன். முப்பத்தாறு வருடமாக அவள் எனக்கு ‘நீர்’தான். சண்டை பிடித்தாலும் அப்படியே பிடிப்பேன். அன்றைக்கு என் நாக்கில் சனி குந்தியிருந்தது.

எல்லாம் ஒரு வெள்ளி டொலரால் வந்த வினை. அமெரிக்காவின் பழைய வெள்ளி டொலர்களைச் சேர்ப்பது எனக்குப் பதினைந்து வருடப் பைத்தியம். ஒரு பக்கம் சுதந்திர தேவியின் முகம், மறுபக்கம் செட்டை விரித்த கழுகு. மோர்கன் டொலர் என்பார்கள். கார் பார்க்கிங் கூண்டுக்குள் வேலை செய்த காலத்தில் ஒரு கிழவர் ரிப்ஸாக, கைச்செலவுக்கு வைத்துக்கொள் என்று, ஒன்றைத் தந்துவிட்டுப் போனார், அன்று பிடித்தது. பதினொன்று சேர்த்திருந்தேன். அதில் 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டொலர்தான் ராசா. லேசில் கிடைக்காது, ஆயிரக்கணக்கில் விலை போகும். அதை ஒரு சனிக்கிழமைச் சந்தையில் முந்நூறு டொலருக்கு வாங்கினேன். விற்றவன் பெறுமதி தெரியாத மொக்கன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு மோர்னிங்சைட் வீதி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சம்மந்தி சச்சிதானந்தன் வீடு வாங்கி விற்று நன்றாக வந்த மனிதர். அவரிடம் பெருமையடிக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கலியாண வீட்டிலேயே சொல்லி வைத்திருந்தேன். சாப்பாடு முடிந்து மகள் சாம்பவி தேத்தண்ணி கொடுக்க, நான் பெட்டியைத் திறந்தேன்.

டொலர் பளபளவென்று மினுங்கியது. பழைய கறுப்பைக் காணவில்லை. தேவியின் கன்னத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை.

“ஆர் உதைத் தொட்டது?”

“நான்தான்” என்றாள் யோகமலர். “அவைக்குக் காட்டப் போறன் எண்டியள், அழுக்காய்க் கிடந்தது. சாமியறைச் சாமான் தேய்க்கேக்கை புளியும் விபூதியும் போட்டு உதையும் தேய்ச்சனான். இஞ்சருங்கோ, இப்ப மூடி வையுங்கோ. பிறகு சொல்லுறன்.”

பழைய நாணயத்தைத் தேய்த்தால் அதன் மதிப்புப் போய்விடும். சேகரிப்பவனுக்கு அந்தக் கறுப்புத்தான் உயிர். அந்த மஞ்சளைப் புளியின் கறை என்று நினைத்தேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“உனக்கு மண்டைக்குள்ளை என்ன கிடக்குது? பேக்கரியிலை பாண் அடுக்கினவளுக்கு உதின்ரை பெறுமதி எங்கை விளங்கப் போகுது?”

சச்சிதானந்தன் தன் கோப்பைக்குள் பார்த்தார். அவருடைய மனைவி கமலாம்பிகை டொலரை எடுத்து, கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “அப்பா, ஸ்டொப் இற்!” என்றாள் சாம்பவி. யோகமலர் மட்டும், “என்ரை பிழைதான்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அந்தப் பேக்கரிச் சம்பளத்தில்தான் சாம்பவி படித்தாள். நான் சேர்த்த டொலர்களில் பாதியும் அந்தச் சம்பளம்தான். இதெல்லாம் தெரிந்தவனின் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை, கறையை எடுக்கலாமா என்று கேட்க, யோகமலரிடம் சொல்லிவிட்டுப் பழைய நாணயம் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரி ஸ்டெபனி அதைத் தராசில் வைத்தாள், கண்ணாடி வைத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது வெள்ளி இல்லை, சேர். பித்தளைக்கு மேலே வெள்ளி முலாம். கறுப்பும் பூசினதுதான். யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், அதனால் உள்ளே இருப்பது தெரிகிறது.”

சந்தையில் நின்ற மொக்கன் நான்தான்.

நேரே வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “சரி, விடும். போனது போனதுதான்.” மன்னித்தேன்! பெரிய மனிதன் மாதிரி அவளை மன்னித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சோறு போட்டாள். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை குழம்பு கேட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை அப்படியே போனது. ஒரு பின்னேரம் அவள் தன் தங்கையோடு போனில் கதைத்தது காதில் விழுந்தது. “அவர் ஆசையாய் வைச்சிருந்தது. நான்தான் பழுதாக்கிப்போட்டன்.” அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. போனை வைக்கும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும். புளி பட்ட உடனை கையிலை பித்தளை மணம் வந்திட்டுது. கிழமைக்குக் கிழமை குத்துவிளக்குத் தேய்க்கிறனான், எனக்குத் தெரியாதே?”

“அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

“அவைக்கு முன்னாலை கள்ளக் காசெண்டு சொன்னால் நீங்கள் முகத்தை எங்கை கொண்டுபோய் வைப்பியள்? என்னைப் பேசினால் பேசிப்போட்டுப் போகட்டும் எண்டு நிண்டன். கடைக்குப் போட்டு வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். ஒவ்வொரு நாளும் பாத்தன்.”

நான் கூனிக் குறுகிப்போனேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் கதிரையிலிருந்து எழும்பி என் போனை எடுத்து நீட்டினாள்.

“பேசினது சம்மந்தியாக்களுக்கு முன்னாலை. அவைக்கும் சொல்லுங்கோ.”

வேண்டாம், விடுங்கோ என்று இந்த முறையும் என்னைக் காப்பாற்றுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கையை இறக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். சச்சிதானந்தன் எடுத்தார்.

“அண்ணை, அந்த டொலர் கள்ளக் காசு. ஏமாந்து வாங்கினது நான். யோகத்திலை ஒரு பிழையும் இல்லை. அண்டைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது.”

மறுபக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

“அதை விடுங்கோ தம்பி. உது பித்தளை எண்டு அண்டைக்கே காருக்குள்ளை ஏறின உடனை கமலம் சொன்னவ. உங்களுக்கு வெக்கமாய்ப் போயிடும் எண்டுதான் நாங்கள் மூச்சு விடேல்லை.”

நான் யோகமலரைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப நான் சும்மாதான் பேச்சு வாங்கியிருக்கிறன்” என்றாள்.